புது இன்ஜினை விரட்டாதே!

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்பு சரியில்லையா, ஊருக்குப் போய்விட்டீர்களா, அல்லது எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா? (மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியும்!)

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் எழுத வேண்டிய நேரத்தில் சியரா மலையில், முழங்காலுக்கு மேல் பனியில், ஒரு புத்தம் புது ஸ்னோமொபைல் மேல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் கட்டியிருந்த ஸ்லெட் என்ற சறுக்கு வண்டியில் கால் முறிந்த ஒரு பல் டாக்டர் படுத்திருந்தார்.

சரி... முதலிலிருந்து சொல்கிறேன்.

ஸ்னோமொபைல் பார்த்திராதவர்களுக்கு: முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் அகலமான ரப்பர் பெல்ட். நடுவில் ஸ்கூட்டர் மாதிரி நீள சீட். பனியில் ஓடும் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீ இருக்கும் மில்பிடாஸில் பனி ஏது, உனக்கு எதற்கு இது என்கிறீர்களா? என் மகள் நீனாவும் அதைத்தான் கேட்டாள். அவள் இருப்பது வேறு மாநிலத்தில், ரவுண்ட் ராக்கில். நான் தமிழில் விளக்கியதை ஃபோனில் முழுதும் கேட்டாள். அப்புறம், "அம்மா, நார்மல் பீப்பிள் ரிட்டயர் ஆனா க்ரூஸ் போவாங்க" என்றாள். தமிழில் 'போவாங்க' என்று அவள் முடித்ததே விஷயம் எவ்வளவு சீரியஸ் என்பதற்கு அடையாளம்.

எங்களுக்கும் எங்கள் நண்பர்கள் யோகநாதன், தேவகி தம்பதிக்கும் பொதுவாக சியராவில் ஒரு சின்ன கேபின் இருக்கிறது. யோகன் ஹேவர்டில் பல் டாக்டர். தேவகி அவருடைய கிளினிக்கை நிர்வகிப்பவர். இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்த கேபினில் எல்லாம் உண்டு — ஹீட்டர், கிச்சன், கட்டில், மெத்தை. ரோடு மட்டும் கிடையாது. குளிர்காலத்தில் ஹைவேயில் மட்டும்தான் பனியை வாருவார்கள். அங்கே காரை நிறுத்திவிட்டு மூன்று மைல் காட்டுப் பாதை. இதுவரை நடந்துதான் போனோம், பனிச் செருப்பைக் கட்டிக்கொண்டு, மூட்டை முடிச்சை ஸ்லெட்டில் வைத்து இழுத்துக்கொண்டு. ஒரு தடவை இட்லி மாவு வழியிலேயே உறைந்து, அதைக் கத்தியால் வெட்டி அடுப்பில் வைக்க வேண்டியிருந்தது.

இந்த வருடம் நான் ரிட்டயர் ஆனேன். ஸ்னோமொபைல் வாங்கினேன். இதில் என்ன மிட்லைஃப் க்ரைசிஸ்? தேவை, சார், தேவை!

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். எடை குறைவு. ஆழமான புதுப் பனியில் மிதந்து போகும். புதைந்தாலும் இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம். அப்புறம் அந்த வாசனை... ஆயில் கலந்த பெட்ரோல் புகை. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மன்னிக்கவும். எனக்கு அது மல்லிகை.

கடைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது விரலை உயர்த்தி ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்: "முதல் பத்து மணி நேரம் இதை விரட்டாதீர்கள்."

நம்மூரில் இதை 'ரன்னிங்-இன்' என்போம். அந்தக் காலத்தில் புது வண்டியின் முதுகில் ஒரு அட்டை தொங்கும், 'ரன்னிங்-இன், முந்திச் செல்லவும்' என்ற பொருளில். அதைப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். புதுப் பணக்காரரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வையோடு ஓவர்டேக் செய்து போவார்கள். இங்கே அதற்குப் பெயர் 'பிரேக்-இன்'.

விஷயம் எளிது. உள்ளே பிஸ்டன் புதிது, சிலிண்டரும் புதிது. தொட்டுப் பார்த்தால் இரண்டும் வழுவழுவென்றுதான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இரண்டிலும் உண்டு. மெதுவாக உரசி உரசி, ஒன்று மற்றொன்றுக்கு இடம் கொடுக்கப் பழக வேண்டும். அதற்கு முன் விரட்டினால் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றுவிடும். இன்ஜின் ஜாம்! (புதுக் கல்யாணம் மாதிரி என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. நான் சொல்லவில்லை.)

அதனால் சில கட்டுப்பாடுகள். வலது கட்டைவிரலால் அமுக்குகிற லீவர்தான் த்ராட்டில். அதைப் பாதிக்கு மேல் தொடர்ந்து அமுக்கக் கூடாது. ஒரே வேகத்திலும் போகக் கூடாது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும். பெரிய பாரம் இழுக்கக் கூடாது. முழு த்ராட்டில்? எப்போதாவது சில நொடிகள் கொடுக்கலாம் — கொடுத்த வேகத்தில் விட்டுவிட வேண்டும்.

எனக்கு இது புதிதில்லை. மில்பிடாஸில் என் வேலைக்காலம் முழுவதும் நான் செய்தது சிப் டெஸ்டிங். புதுச் சிப்பை ஓவனில் வைத்து முதல் சில மணி நேரம் அது தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆரம்பத்தில் தாங்கினால் அப்புறம் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

என் கணவர் அந்தோணிக்கு இதெல்லாம் பிடிபடாது. தூத்துக்குடியில் காலேஜ் நாட்களிலேயே பைக்கில் பறந்தவர். ஆக்ஸிலரேட்டர் என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசி வரை முறுக்குவதற்குத்தான் என்பது அவர் சித்தாந்தம்.

"என்ன ரெஜி இது... எல்.கே.ஜி. பிள்ளைக்கு டைம்டேபிள் போட்ட மாதிரி!" என்றார்.

"பத்து மணி நேரம் நான் மட்டும்தான் ஓட்டுவேன்" என்றேன்.

"அப்ப நான்?"

"பின்னாடி உட்காருங்க."

முப்பது வருடத்துக்கும் மேலான தாம்பத்தியத்தில் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை நல்ல வெயில். கேபினுக்கு எதிரே அகலமான வெள்ளை மைதானம் மாதிரி ஒரு வெளி. அதிலும், ஹைவே வரைக்குமான காட்டுப் பாதையிலும் நாள் முழுக்க ஓட்டினேன். கொஞ்சம் ஏற்று... விடு. கொஞ்சம் ஏற்று... விடு. நிறுத்து. ஆறட்டும். மறுபடியும்.

இளைஞர் கூட்டம் ஒன்று ஐந்தாறு வண்டிகளில் கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் பறந்தது. அந்தோணி அவர்களை ஏக்கத்தோடு பார்த்தார். கடைசியாக வந்த பையன் மட்டும் நிறுத்தி, வண்டியில் ஏதாவது கோளாறா, உதவி வேண்டுமா என்று கேட்டான். "பிரேக்-இன்" என்றேன். உடனே ஹெல்மெட்டைத் தொட்டு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, எங்கள் மேல் பனி தெறிக்காதபடி ஒதுங்கிப் போனான். தெரிந்தவனுக்குத் தெரிகிறது!

கேபின் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த யோகனுக்கு இது பெரிய பொழுதுபோக்கு. நான் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கையை உயர்த்துவார். "ரெஜினா, நத்தை ஒண்டு உங்களை முந்திக்கொண்டு போகுது. கவனம்!"

நான் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் அந்த இன்ஜினின் குரல் எனக்குப் பழகிவிட்டது. எந்த இடத்தில் அது சிரமப்படுகிறது, எந்த இடத்தில் மூச்சை இழுத்துவிட்டு மிதக்கத் தொடங்குகிறது, பெல்ட் பனியைத் தோண்டத் தொடங்கும்போது சத்தம் எப்படித் தடித்துப் போகிறது... எல்லாம். வேகமாக ஓட்டியிருந்தால் வேகம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அன்றிரவு பனி கொட்டியது.

காலையில் கதவைத் திறந்தால் படிக்கட்டே இல்லை. எங்கும் வெள்ளை. நேற்று நான் ஓட்டிப் போட்ட தடம் எல்லாம் மறைந்து, பாதை எது பள்ளம் எது என்று தெரியாமல் கிடந்தது. பனி இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

யோகனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கூரை மேல் பாரம் ஏறிவிட்டது என்று நீளக் கழியோடு இணைந்த பனிவாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கீழே நின்றபடியே கூரை ஓரத்தில் இருந்த பனியைக் கொஞ்சம் இழுத்தார். கொஞ்சம்தான். மொத்தக் கூரைப் பனியும் ஒரே பாளமாகச் சரிந்து அவர் மேல் விழுந்தது.

தேவகியின் அலறலைக் கேட்டு நானும் அந்தோணியும் ஓடினோம். மூவருமாகக் கையாலேயே பனியை வாரி அவரை வெளியே இழுத்தோம். முகம் நன்றாக இருந்தது. தலையில் அடி இல்லை. ஆனால் வலது கால், முழங்காலுக்குக் கீழே, திரும்பக் கூடாத திசையில் திரும்பியிருந்தது.

"தேவகி, கத்தாதையும்" என்றார் யோகன், பல்லைக் கடித்துக்கொண்டு. "கால்தான் முறிஞ்சது. ஆள் இருக்கிறன்."

உள்ளே தூக்கி வந்து பூட்ஸை மெல்ல வெட்டி எடுத்தோம். பாதம் வெளுத்து, சில்லிட்டிருந்தது. தேவகி விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இஞ்சருங்கோ, நான் தொடுறது தெரியுதோ?"

யோகன் கூரையைப் பார்த்தார். "இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, தணிந்த குரலில், டாக்டராகவே பேசினார்: "காலுக்கு ரத்தம் சரியாப் போகேல்லை, ரெஜினா. கனநேரம் இப்பிடியே விடேலாது. விட்டால் பாதம் மிஞ்சாது."

கேபினில் ஃபோன் சிக்னல் கிடையாது. அந்தோணி தன் ஃபோனை வானத்துக்குக் காட்டி, சாட்டிலைட் வழியாக எமர்ஜென்சிக்கு மெசேஜ் அனுப்பினார். பதில் வந்தது. மீட்புக் குழு மலையின் மறுபக்கம் வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது. இங்கே வந்து சேர நெடுநேரம் ஆகும். ஆம்புலன்ஸ் ஹைவே வரை வரும். உங்களால் பத்திரமாக ஹைவேக்குக் கொண்டுவர முடியுமா?

மூன்று மைல். முழங்காலுக்கு மேல் புதுப் பனி. வாசலில் ஒரே ஒரு வண்டி — இன்னும் முதல் டாங்க் பெட்ரோல்கூடத் தீராத வண்டி.

அந்தோணி கையை நீட்டினார். "ரெஜி, சாவியைக் குடு. ஸ்லெட்டைக் கட்டி ஃபுல் த்ராட்டில்ல ஒரே இழுப்பு. நான் கொண்டு போய்ச் சேர்த்துடறேன்."

அவர் கண்ணில் பதற்றம் தெரிந்தது. தன் நண்பனுக்காகத்தான் சொல்கிறார். ஆனால் நேற்று முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான்.

"இந்தப் பனியில பாரத்தோட ஃபுல் த்ராட்டில் குடுத்தா, பெல்ட் தோண்டிட்டுப் புதையும். இல்லன்னா பாதி வழியில இன்ஜின் ஜாம் ஆகும். அப்புறம் யோகனைத் தோள்ல தூக்கிட்டுப் போவீங்களா?"

ஒரு வாக்குவாதத்துக்குத் தயாரானேன். சாவியை ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அந்தோணி என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"சரி" என்றார். "என்ன பண்ணணும்னு நீ சொல்லு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பரிசு வாங்கிக் கொடுத்திருக்கிறார் மனிதர். எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

நான் சொன்ன திட்டம் இதுதான். முதலில் ஸ்லெட் இல்லாமல் போய் பனியை அழுத்தித் தடம் போடுவேன். தேவகி பின்னால் உட்கார்ந்து வரட்டும். ஹைவேயில் சிக்னல் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட அங்கே ஒரு ஆள் வேண்டும். நான் அதே தடத்தில் திரும்பி வருவேன். இரண்டு தடவை அழுத்திய பனி இறுகிப் பாதையாகிவிடும். மூன்றாவது தடவை அதன் மேல் ஸ்லெட்டை இழுப்பேன். ஓட்டம், ஓய்வு, ஓட்டம், ஓய்வு. இன்ஜினும் தாங்கும்.

தேவகி ஒரேயடியாக மறுத்தார். "இவரை இந்த நிலையில விட்டுட்டு நான் வரமாட்டன், அக்கா."

"தேவகி" என்றார் யோகன். "நான் எங்கையும் ஓட மாட்டன். காலைப் பாரும். நீர் போம்."

அழுதுகொண்டே ஜாக்கெட்டைப் போட்டார் தேவகி. அந்தோணி யோகா மேட்டைச் சுருட்டி, முறிந்த காலுக்கு இருபுறமும் அணை கொடுத்துக் கட்டத் தொடங்கினார்.

இன்ஜினைக் கிளப்பினேன். உடனே கிளம்பவில்லை. அது சூடாகும் வரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பைப் போல நீண்ட நேரம் என் வாழ்க்கையில் வேறு கிடையாது. தேவகியின் விரல்கள் என் இடுப்பை இறுக்கின. நான் அசையவில்லை.

பிறகு கட்டைவிரலை அழுத்தினேன்.

பனி எங்கள் மேல் அலையாக எழுந்து வந்தது. கண்ணாடியைத் துடைக்கவும் கை எடுக்க முடியாது. இரு பக்கமும் மரங்களுக்கு இடையே இருக்கிற வெற்றிடம்தான் பாதை என்ற ஒரே நம்பிக்கை. பாதி த்ராட்டில்... இன்ஜின் சிரமப்படுகிறது... இன்னும் ஒரு நூல்... இதோ, மிதக்கிறது! கொஞ்சம் விடு. மறுபடி கொடு. என் முதுகுக்குப் பின்னால் "முருகா, முருகா" என்று ஒரு குரல். என் வாயில் 'அருள் நிறைந்த மரியே'. மேலிடத்தில் எந்த டிபார்ட்மென்ட்டுக்குப் போனாலும் சரி, பார்த்துச் செய்தால் போதும்.

பாதி வழியில் வண்டியை நிறுத்தினேன்.

"ஏன் நிண்டிட்டியள்? பழுதோ?" தேவகியின் குரல் கீச்சிட்டது.

"இல்ல தேவகி. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

"ஆருக்கு?"

"இன்ஜினுக்கு."

தேவகி என் முதுகில் தலையை முட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒரு சத்தம் போட்டார்.

ஹைவேக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம் இருக்கிறது. நடந்து போகிற நாட்களிலேயே எங்கள் எல்லோரையும் உட்காரவைக்கிற ஏற்றம். பாரம் குறைவு என்பதால் வளைந்து வளைந்து எப்படியோ ஏறிவிட்டோம். உச்சியில் தேவகியை இறக்கிவிட்டு, ஃபோனில் அவர் பேசத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

திரும்பும் வழி... அடடா! நான் போட்ட தடம் வெள்ளை ரிப்பன் மாதிரி காட்டுக்குள் நீண்டு கிடந்தது. அதன் மேல் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தனியாக, ஹெல்மெட்டுக்குள், ஒரு முறை 'ஹோ' என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. மரங்கள் கேட்டிருக்கும்.

யோகனை ஸ்லெட்டில் கிடத்தினோம். அடியில் மெத்தை, மேலே ஸ்லீப்பிங் பேக், அதன் மேல் பெல்ட்டுகள். மளிகை இழுப்பதற்காக வாங்கிய ஸ்லெட். கயிறுக்குப் பதில் இரும்புத் தண்டால் வண்டியோடு இணைந்திருக்கும். அதனால் இறக்கத்தில் வந்து முதுகில் மோதாது. பின்பக்கம் அந்தோணி மண்டியிட்டு, அந்தக் காலை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"ரொம்பக் குலுங்காமப் பார்த்துக்கறேன் யோகன்" என்றேன். "கொஞ்சம்தான் வலிக்கும்."

வலியிலும் அவர் சிரித்தார். "இதைத்தானே நான் என்ர பேஷன்ட்டுகளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்றனான். ஒருத்தரும் நம்பினதில்லை."

இந்தத் தடவை இன்னும் மெதுவாகப் போனேன். கால் முறிந்தவருக்குத் தேவையான ஓட்டமும், புது இன்ஜினுக்குத் தேவையான ஓட்டமும் ஒன்றாகவே இருந்தது எனக்கு ஆச்சரியம். இழுத்து வெட்டாமல், நிதானமாக ஏற்றி, நிதானமாக இறக்கி... ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெப்பநிலை காட்டும் முள்ளைப் பார்ப்பேன். அந்தோணி யோகனின் முகத்தைப் பார்ப்பார். "ஓகே" என்பார். "ஓகே" என்பேன். கிளம்புவோம்.

கடைசி ஏற்றத்தின் அடியில் நிறுத்தினேன்.

இங்கேதான் பயம். நான் முதலில் ஏறிய மாதிரி வளைந்து ஏற ஸ்லெட்டோடு முடியாது. நேராகத்தான் ஏற வேண்டும். நடுவில் நின்றால் பின்னோக்கிச் சரியும். சரிந்தால், ஸ்லெட் குடை சாய்ந்தால்... மேலே யோசிக்கவில்லை.

இன்ஜினை ஆறவிட்டேன். யோகனின் உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு குறைந்திருந்தது.

"என்னங்க, நீங்க இறங்கிடுங்க. பாரம் குறையட்டும். நான் கிளம்பினதும் பின்னாலிருந்து ஒரே ஒரு தள்ளு. அப்புறம் ஒதுங்கிடுங்க."

"ரெஜி... ஏறிடும்ல?"

"ஏறும்."

அந்த 'ஏறும்' எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சற்றுப் பின்வாங்கி, சமதளத்தில் நகரத் தொடங்கினேன். கால் த்ராட்டில். பாதி. ஸ்லெட்டின் கனம் தண்டு வழியாக என் இடுப்பு வரை தெரிந்தது. பின்னாலிருந்து அந்தோணியின் தள்ளு. ஏற்றம் தொடங்கியது. முன்கட்டைகள் மேலே நிமிர்ந்தன. பாதி தூரம் வரை அந்த வேகமே போதுமாக இருந்தது. அப்புறம் சத்தம் தடித்தது — தோண்டத் தொடங்குகிறது!

கட்டைவிரலைக் கடைசி வரை அழுத்தினேன்.

இரண்டு நாளாக நான் கொடுக்காத அத்தனையையும் அந்த இன்ஜின் அந்த சில நொடிகளில் கேட்டு வாங்கிக்கொண்டது. அது உறுமவில்லை, பாடியது. ஒரே சுருதியில், பிசிறில்லாமல். பெல்ட் பனியைக் கவ்வியது, வண்டி எகிறியது, வானம் மட்டும் தெரிந்தது, அப்புறம் திடீரென்று மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹைவே தெரிந்தது, சிவப்பு விளக்கு சுழல்கிற ஆம்புலன்ஸ் தெரிந்தது, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற தேவகி தெரிந்தார்.

கட்டைவிரலை எடுத்தேன். வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். யோகன் ஸ்லெட்டில் பத்திரமாக இருந்தார். ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது.

ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய பெண் அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று வேலையைத் தொடங்கினாள். காலைச் சரியான நிலைக்கு இழுத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் மறுபடி பாதத்தைத் தொட்டாள். முகம் மலர்ந்தது. நாடி வந்துவிட்டது. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றாள்.

அப்போதுதான் அந்தோணி மேடேறி வந்து சேர்ந்தார். என் வண்டி வாரியடித்த பனி முழுக்க அவர் மேல்தான். புருவம், மீசை, எல்லாம் வெள்ளை. வண்டி ஏறி வந்தபோது ஆம்புலன்ஸுக்குள் இருந்த அந்தப் பெண் எங்கள் எல்லோரையும் தாண்டி அவரைப் பார்த்து, "நீங்கள்தான் ஓட்டினீர்களா? பிரமாதம்" என்று கையை நீட்டினாள்.

அந்தோணி மீசையிலிருந்த பனியைத் துடைத்தார். என்னைக் கை காட்டினார்.

"நோ, மேடம். மை வைஃப். ஐ ஆம் ஒன்லி லக்கேஜ்."

தேவகியையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனதும் நாங்கள் இருவரும் மட்டும் அங்கே நின்றோம். பனி தூறுவது நின்றிருந்தது. இன்ஜின் மூடியின் மேல் படிந்த பனி, உள்ளிருந்து வரும் சூட்டில் சொட்டுச் சொட்டாக உருகிக்கொண்டிருந்தது. வெப்பநிலை முள் நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.  சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தோணி என் கையுறைகளைக் கழற்றி, விரல்களைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார்.

பிறகு தொண்டையைச் செருமினார். "கேபினுக்குப் போறப்ப... நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

"பாதி த்ராட்டில்."

"பாதிதான்."

சொன்னபடியே ஓட்டினார். ஏற்றி, இறக்கி, நிறுத்தி, ஆறவிட்டு. நான் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தேன். முந்தின நாள் அவரைக் கிண்டலாகப் பார்த்திருந்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் — பின் சீட் அவ்வளவு மோசமில்லை.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு மலையிறங்கும்போது, சிக்னல் கிடைத்த முதல் வளைவிலேயே தேவகியின் ஃபோன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். "அக்கா! விரலை ஆட்டுறார்! அஞ்சு விரலையும் ஆட்டுறார்!" அந்தோணி காரை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர். நீனாவுக்குச் சொன்னேன். மறுபடியும் முழுதும் கேட்டாள். அப்புறம், "அம்மா, யூ ஆர் இன்ஸேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "கேன் யூ டீச் மீ?"

எங்கள் பே ஏரியாவில் எது புதிதாக வந்தாலும் முதல் நாளே முழு த்ராட்டில்தான். வேலைக்குச் சேர்ந்தவன் முதல் வாரமே தூங்காமல் வேலை பார்க்கிறான். ரிட்டயர் ஆனவள் முதல் வாரமே யோகா, பெயின்டிங், வாலண்டியர் வேலை என்று காலண்டரை நிரப்புகிறாள். நிதானமாகத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் இவர்களிடம் வேகம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். வேகம் இருக்கிறது, ஐயா. அது எப்போது வேண்டுமோ அப்போது வரும்.

யோகன் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். டாக்டர்கள் முழுசாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். நேற்று ஃப்ரீமான்ட்டில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. அவரைச் சுற்றிப் பத்துப் பேர். கதை ஓடிக்கொண்டிருந்தது. பனி கழுத்தளவு ஆகிவிட்டது. ஏற்றம் மலையாகிவிட்டது. நான் பாயசக் கிண்ணத்தோடு பக்கத்தில் போனபோது, பாதையில் ஒரு கரடி வந்து நின்றுகொண்டிருந்தது.

"குளிர்காலத்துல கரடி தூங்கிட்டிருக்குமே, அங்கிள்?" என்று கேட்டது ஒரு வாண்டு.

"தூங்கினதுதான்" என்றார் யோகன், அசராமல். "ரெஜினா ஆன்ட்டியின்ர இன்ஜின் சத்தத்தில எழும்பிட்டுது!"

பத்து முகங்களும் என் பக்கம் திரும்பின. உண்மையா என்று கேட்டன.

பாயசத்தை ஒரு வாய் குடித்தேன்.

"பெரிய கரடி" என்றேன்.